ஊதுபத்தி அணையும்வரை

தோவா அக்காவை எங்கள் ஊரில் யாரும் நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மரியாதை. இப்போதெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சா டெக் பக்கம் ஆற்றை ஒட்டிய பூக்கார ஊர் எங்களுடையது. தண்ணீருக்கு மேலே மூங்கில் பரண் கட்டி, அதன்மேல் கூடை கூடையாகச் சாமந்தி வளர்ப்போம். புத்தாண்டுக்கு முன்னால் எல்லாம் படகேறி சைகோனுக்குப் போகும். அந்தப் பரண்களுக்கு நடுவே ஒரு தகரக்கூரை வீட்டில் தோவாவும் நியானும் முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து இருந்தார்கள். தோவா ஒல்லி, வெடுக்கென்று பேசுவாள். நியான் பருமன், சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும். ஒரே கொசுவலை, ஒரே மோட்டார் சைக்கிள், தினமும் ஒரே சண்டை: குழம்பில் உப்புக்கு ஊற்றுகிற மீன் சாறு கூடுதலா குறைவா என்று.

காலையில் இருவரும் என் காபிக் கடைக்கு வருவார்கள். ஒருத்தி டம்ளரில் ஐஸ் கரைந்துவிட்டால் மற்றவள் பேச்சை நிறுத்தாமலே தன்னுடையதிலிருந்து எடுத்துப் போடுவாள். ஊர் அவர்களை 'அந்த ரெண்டு தோழிங்க' என்றது. தோழிகளாம்! எனக்கும்தான் தோழிகள் இருக்கிறார்கள். அவர்கள் தூக்கத்தில் குறட்டை விடுவார்களா மாட்டார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

நியான் ஒரு மழைக்காலத்தில், பரணில் நின்றபடியே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து அவள் அண்ணன் கியெம் வண்டி கொண்டுவந்து உடலைத் தங்கள் பூர்வீக வீட்டுக்கு எடுத்துப் போனார். சுவரில் இருந்த பெரிய படத்தையும் கழற்றிக்கொண்டார். எடுக்கலாமா என்று தோவாவை அவர் கேட்கவில்லை.

துக்க வீட்டில் வெள்ளைத் துணியை நீளநீளமாகக் கிழித்து, உறவு முறைப்படி ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டிவிடுவார்கள். துணி கட்டியவர் சொந்தம், கட்டாதவர் வந்துபோகிறவர். தோவா வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். கியெமின் மனைவி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னாள்:

"அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு அந்தப் பந்தல்ல டீ வெச்சிருக்கோம் அக்கா. போய் உட்காருங்க."

தோவா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீயைத் தொடவில்லை. முதல் வருஷத் திதிக்குப் போனவளைக் கொல்லையில் பாத்திரம் கழுவ விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மரியாதைக்காரர்கள் அல்லவா!

இப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் த்ரின் என்கிற சைகோன் பெண், முப்பது வயதுகூட இருக்காது, மெல்லத்தான் பேசுவாள். கதை இரண்டு பெண்களைப் பற்றியது: ஒருத்தி செத்துப்போகிறாள், மற்றவள் கிழவியாகிப் பழையதை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இளம் வயதில் செத்தவளாக நடிக்க மீ லெ என்கிற நடிகையை அழைத்து வந்திருந்தார்கள். கிழவியாக நடிக்க, சினிமாவில் இதுவரை யாரும் பார்க்காத முகம் வேண்டுமாம். த்ரின் தோவாவின் வாசலில் நின்று கேட்டாள். தோவா மொட்டு கிள்ளிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி என்ன வேணும்?"

த்ரின் தயங்கினாள். "ரொம்ப நெருக்கமான தோழிங்கன்னு எழுதியிருக்கேன் அக்கா. பார்க்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"சினிமாவிலயுமா?" என்றாள் தோவா. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

அந்தப் படம் எடுத்த விதத்தைப் பற்றி என்னைக் கேட்டால் இன்றைக்கெல்லாம் சொல்வேன். ஒருத்தி ஜன்னலைத் திறப்பதற்குள் நான் ஒரு கடை ஜனத்துக்கே காபி கொடுத்து முடித்துவிடுவேன். மழைக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மழை வந்ததும் மனுஷர்களை விட்டுவிட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் படம் பிடித்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, இதைப் பார்க்கறவன் தூங்கிட மாட்டானா?"

"அவசரப்பட்டா ஞாபகம் வராது அக்கா," என்றாள் த்ரின்.

"எனக்கு அவசரத்துலதான் எல்லாமே ஞாபகம் வரும். அடுப்புல தண்ணி வெச்சதுகூட."

தோவா சிரித்தாள். நியான் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக ஒரு காட்சி மிச்சம் இருந்தது. கிழவி தன் தோழிக்குத் திதி கொடுக்கிறாள். தோவா வீட்டு முன்னோர் மாடத்திலேயே படம் வைத்து, சோறு படைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில், கேமராவை நிறுத்தாமல், பத்தி அணையும்வரை எடுக்கப்போவதாக த்ரின் சொன்னாள். எந்த நாளில் எடுப்பது என்பதைத் தோவாதான் சொன்னாள். சைகோன்காரர்களுக்கு அது ஏதோ ஒரு நாள். எனக்குத் தெரியும், அது நியானின் திதி. அதே மதியம் பூர்வீக வீட்டில் கியெமும் ஊரைக் கூட்டிச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்.

சமையலைத் தோவா யாரிடமும் விடவில்லை. இளநீரில் வெந்த பன்றிக்கறியும் முட்டையும், பாகற்காய்க் குழம்பு, நிறைய மிளகாய், மீன் சாறு தாராளமாக. முப்பது வருஷச் சண்டையில் கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டாள். நான் என் பங்குக்கு நியான் குடிக்கிற மாதிரியே கெட்டிப்பால் இரண்டு மடங்கு ஊற்றி ஐஸ் காபி போட்டு எடுத்துப்போனேன். டம்ளரை வைக்க மாடத்துக்குப் போனேன்.

அங்கேதான் கலைப்பிரிவுப் பையன்கள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார்கள். மீ லெயின் படத்தைப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு, மாடத்தின் நடுவில் நிறுத்தி, எதிரே ஊதுபத்தியையும் கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புகை எப்படி வருகிறது என்று! மேக்கப்போடு உள்ளே வந்த மீ லெ தன் படத்துக்கே புகை ஏறுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னை உயிரோடயே மேல அனுப்பி வெக்கறீங்களா? எங்க அம்மா இதைப் பார்த்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவாங்க! யாருடா பத்தி கொளுத்தினது?"

சட்டத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது ஊதுபத்தி காட்டுவார்களா? த்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"செத்தவங்க படம் ஒண்ணு வேணும், அவ்வளவுதானே? எங்கிட்ட இருக்கு," என்றாள் தோவா.

தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்து வந்தாள். பூச்சந்தையில் எடுத்த சின்னப் படம். நியான் ஓலைத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து சிரிக்கிறாள். மாடத்தில் வைக்கிற படம் என்றால் சட்டைப் பொத்தான் போட்டு விறைப்பாக முழிக்க வேண்டும். இது சந்தையில் கறிகாய்க்காரியோடு பேரம் பேசுகிற முகம். தோவா அதைப் பன்றிக்கறிக் கிண்ணத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

கேமரா ஓட ஆரம்பித்தது. நாங்கள் பாதி ஊர் கொல்லைப்பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தோவா பத்தியை ஏற்றினாள், மூன்று தரம் குனிந்து கும்பிட்டாள், உட்கார்ந்தாள். இதுவரை எழுதிக் கொடுத்தது. அடுத்ததை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நீளமாகக் கிழித்த வெள்ளைத் துணியை எடுத்து, நெற்றியில் வைத்து, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

 துக்கம் கழிந்த பிறகு அந்தத் துணியைத் தொட்டாலே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். ஆனால் அவளுக்குத் துக்கம் எங்கே கழிந்தது? அதைத் தொடங்கவே அவளை விடவில்லையே.

"சாப்பிடு நியான்," என்றாள். "உப்பு இருக்குதா பார்."

த்ரின் 'நிறுத்து' என்று சொல்லவில்லை.

பத்தி பாதி எரிந்திருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கியெம்! திதிக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் விருந்தில் குடித்ததன் சிவப்பு. 'உங்க தங்கச்சிக்குத் தோவா வீட்லயும் படையல் நடக்குதாமே' என்று பந்தியில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். யாரோ அவர் கையைப் பிடிக்கப் போனதை உதறிவிட்டு நேராக உள்ளே போனார். கேமரா இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

"அந்தப் படத்தைக் குடு. அது எங்க வீட்டுப் பொண்ணு."

தோவா திரும்பவில்லை. "அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா அண்ணே. பத்தி எரியுது."

நீட்டிய கை அப்படியே நின்றது. பத்தி அணையும்வரை செத்தவர் சாப்பிடுவதாக நம்பிக்கை. எரிகிறபோதே மாடத்தில் கைவைத்து, சாப்பிடுகிறவளைப் பாதியில் எழுப்புகிற துணிச்சல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது, குடும்பத் தலைவருக்கு அறவே கிடையாது. கையை இறக்கிவிட்டு அணையட்டும் என்று நின்றார். பத்தி அடிக்கட்டைக்கு வந்தது. தோவா நிதானமாக இன்னொன்றை எடுத்து, அணையப் போகிற நெருப்பிலேயே பற்றவைத்துச் சொருகினாள்.

கொல்லையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நானாகவும் இருக்கலாம்.

அதுவும் எரிந்து இறங்கியது. அவள் மூன்றாவதை ஏற்றினாள். கியெமின் கழுத்து நரம்பு புடைத்தது.

"தலையில இருக்கற துணியையாவது கழட்டு! அதை யாரு கட்டலாம்னு ஒரு முறை இருக்கு."

"தெரியும். கை நீட்டி நின்னேனே."

"எந்த முறையில கட்டியிருக்கே? அவளுக்கு நீ யாரு? சொல்லு. யாரு நீ?"

அப்போதுதான் தோவா திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக வாசலில் காத்திருந்தவரை வீட்டுக்குள் வரச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"பெண்டாட்டி," என்றாள். "நான் அவளுக்குப் பெண்டாட்டி. அவ எனக்குப் பெண்டாட்டி. முப்பது வருஷமா உங்களை அண்ணேன்னு கூப்பிடறேன். எந்த முறையில கூப்பிட்டேன்னு நினைச்சீங்க?"

  கியெமின் பார்வை அவளைத் தாண்டி மாடத்துக்குப் போனது. அந்தப் படத்தை அவர் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை. தங்கச்சி அவரைப் பார்த்து வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவர் இரண்டு கையும் கும்பிட உயர்ந்து, பாதியில் நின்று, கீழே இறங்கின. வெளியே போய் வண்டியை எடுத்தார். தோவா மறுபடி மாடத்தின் பக்கம் திரும்பி, மூன்றாவது பத்தி தானாக அணையும்வரை உட்கார்ந்திருந்தாள். நாங்களும் நின்றோம். எனக்குக் கால் கடுத்தது. ஆனாலும் அன்றைக்கு நேரம் மெதுவாகப் போனதாக நான் சொல்லமாட்டேன்.

சாமந்தியெல்லாம் படகேறிப் போன பிறகு த்ரின் திரும்பி வந்தாள். மடிக்கணினியை என் கடை மேஜையில் விரித்து அந்தக் காட்சியைத் தோவாவுக்குக் காட்டினாள். பிறகு காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"அவங்க அண்ணன் புகார் குடுக்கப் போறதாச் சொல்றார் அக்கா. மேல படத்தைத் தணிக்கை பண்றவங்களும் இந்த இடத்துல கை வெப்பாங்க. அதனால அவர் குரலையும் உங்க பதிலையும் மட்டும் எடுத்துடலாம்னு ஒரு யோசனை. நீங்க துணி கட்டறது, பத்தி ஏத்தறது எல்லாம் அப்படியே இருக்கும். சத்தமில்லாம இருந்தா இன்னும் அழகா இருக்கு. பார்க்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"இந்த ஊருக்கும் புரிஞ்சுதான் இருந்துச்சு," என்றாள் தோவா. என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தேன்.

"என் மூஞ்சியை வேணும்னா வெட்டிடு. துணி கட்டறதை வெட்டு, பத்தியை வெட்டு. அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் தொடாதே. முப்பது வருஷத்துல என்கிட்ட வாயைத் திறந்து கேட்டது அந்த ஒரு மனுஷன்தான்."