அமைதி தேடிப் போய்க் கிழங்கு வயலில் இறங்கிய கதை: லோலாந்தில் இரண்டு நாள்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, வேலைத்தலத்திலிருந்து வந்த மின்னஞ்சலை இன்னொரு தடவை வாசித்தது. கோல்டிங் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவின் தலைவி ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு நீ வருகிறாயா, திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல் என்று கேட்டிருந்தார்கள். மூன்றே வரிகள். கிழமை முழுவதும் வாசித்தும் என்ன பதில் எழுதுவது என்று முடிவு வரவில்லை.

வீட்டில் எல்லோரும் ஓம் என்று சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பயம் டேனிஷ் மொழியில். இருபத்துநான்கு வயதில், யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வந்து படித்த மொழி அது. பேசுவேன், சண்டையும் பிடிப்பேன். எழுத்து என்றால் மட்டும் கை நிற்கும். இன்றுவரை முக்கியமான கடிதம் எதையும் மகனிடம் திருத்தக் கொடுக்காமல் அனுப்பியதில்லை. பதினான்கு பேருக்குத் தலைவியாக இருப்பவள் ஒவ்வொரு கடிதத்துக்கும் மகன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருக்க முடியுமா?

யோசிக்க ஒரு அமைதியான இடம் தேவைப்பட்டது. இணையத்தில் தேடியபோது லோலாந்துத் தீவில் ஒரு பண்ணை வீட்டு விளம்பரம் கண்ணில் பட்டது. விடிகாலைப் பனி படிந்த வயல், ஆளில்லாத மண் பாதை. கீழே ஒரே வரி: லோலாந்தில் 'ரோஅன்' அனுபவியுங்கள். 'ரோ' என்றால் டேனிஷில் அமைதி. அந்த அமைதி என்று குறிப்பாகச் சொல்ல 'ரோஅன்'. உடனே பதிவு செய்தேன். ஒரு இரவு, இரண்டு பேருக்கு, காலை உணவோடு 650 குரோனர்.

துணைக்கு என் கணவரின் தங்கை றீற்றா. பிரெடெரிசியாவில் தொழிற்சாலை வேலை. ஆறேகாலுக்குக் கோல்டிங்கில் புறப்பட்டு, ஆறு நாற்பதுக்கு அவரை ஏற்றிக்கொண்டேன். அங்கிருந்து ஓடென்ஸ, ஸ்வென்போர் வழியாக லாங்கலாந்துத் தீவின் ஸ்பொட்ஸ்பியர் துறைமுகம். மொத்தம் ஏறத்தாழ 155 கிலோமீற்றர். ஒன்பதேகால் படகு, நாற்பத்தைந்து நிமிடத்தில் லோலாந்தின் தோர்ஸ் துறையில் இறக்கிவிடும். காருக்கும் இருவருக்குமாக 315 குரோனர் கொடுத்தோம். நாளுக்கு நாள் விலை மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் காற்று அடித்துத் தள்ளியது. றீற்றா கொண்டுவந்த தேத்தண்ணியைக் காருக்குள் இருந்தே குடித்தோம்.

லோலாந்து தட்டையான ஊர். மேசையில் விரித்த துணிபோலக் கிடக்கிறது. படகால் இறங்கிப் பத்து நிமிடம் ஓடியதும் முன்னால் ஒரு பாரவண்டி. அதற்கு முன்னால் இன்னொன்று. இரண்டிலும் மண் ஒட்டிய வெள்ளைக் கிழங்குகள் குவிந்திருந்தன. வீதி முழுக்கச் சேறு. "சேறு, வழுக்கும்" என்று மஞ்சள் பலகை வேறு.

பத்தரைக்குப் பண்ணை வாசலில் காரை நிறுத்தினோம். வீட்டுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், ஒரு வீடளவு உயரமான இயந்திரம் வயலைத் தோண்டிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் றீற்றா சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கத்தினார்.

"மச்சாள், இதுதானோ உங்கடை அமைதி?"

வீட்டுக்காரி கியர்ஸ்டன் ரப்பர் சப்பாத்தோடு வெளியே வந்து கைகொடுத்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் விளம்பரத்தைக் கைபேசியில் எடுத்துக் காட்டி, "இங்கே அமைதி என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டேன். அவர் என் முகத்தையும் கைபேசியையும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். சீனி எடுக்கிற வெள்ளைப் பீற்றூட்டுக்கு டேனிஷில் 'ரோஅ' என்று பெயர். அந்தக் கிழங்கு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், அதுவும் 'ரோஅன்'தான். எழுத்தில் இரண்டும் ஒன்று. வாயால் சொல்லும்போது மட்டும், அமைதி என்ற சொல்லில் தொண்டைக்குள் ஒரு சின்னத் தடக்கு வரும். அந்தத் தடக்குத்தான் இருபத்திரண்டு வருடமாக எனக்கு வராமல் இருப்பது. நான் பதிவு செய்தது, லோலாந்தில் கிழங்கை அனுபவிக்க.

றீற்றா காரின்மேல் சாய்ந்து சிரித்தார். "பிரிவுத் தலைவி வாறா, வழி விடுங்கோ!"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு சொல்லை வாசிக்கத் தெரியாதவள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு பெட்டியை இறக்கினேன். அந்த நேரம் திங்கட்கிழமைக்குப் பதில் கிடைத்துவிட்டது போலவே இருந்தது: இல்லை என்று எழுதிவிடுவது.

கியர்ஸ்டன் கோப்பி ஊற்றினார். செப்டெம்பரில் தொடங்கி ஜனவரிவரை இங்கே கிழங்குக் காலம் என்றார். நாக்ஸ்கோவ் நகரத்திலுள்ள சீனி ஆலை இரவு பகலாக ஓடும். எந்தப் பண்ணை எந்த நேரம் கிழங்கு ஏற்ற வேண்டும் என்பதை ஆலையே முடிவு செய்யும்; ஞாயிறு என்றும் பாராது. சீனி எடுத்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகும். வீட்டிலே கிழங்கைச் சீவி அவித்து, சாற்றைக் கறுப்பாக வற்றவைத்துப் பாகு எடுப்பவர்களும் உண்டு. அந்தப் பாகைக் கறுப்புப் பாணில் வெண்ணெய்க்கு மேலே பூசித் தந்தார். எங்கள் பனங்கட்டிக்குக் கிட்டத்தான் ருசி. ஆனால் கடைசியில் நாக்கில் கொஞ்சம் மண் மணம் நிற்கும். வீதியோர விற்பனைத் தட்டில் சின்னப் போத்தல் 60 குரோனருக்கு வாங்கினேன். காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துப்போக வேண்டியதுதான்; ஆள் இருக்காது.

பிறகு வயலுக்குள் கூட்டிப்போனார். இயந்திரம் முதலில் இலையை வெட்டி நறுக்கி மண்ணிலேயே போட்டுவிடுகிறது. அதற்குப் பின்தான் கிழங்கைக் கிளப்புகிறது. றீற்றாவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"இவ்வளவு கீரையையும் மண்ணிலை கொட்டிப்போட்டுப் போறாங்கள், பாருங்கோ மச்சாள்! ஊரிலை எண்டால் ஒரு கலியாணவீட்டுக்குச் சமைக்கலாம்."

வயல் ஓரத்தில் நெஞ்சளவு உயரத்தில் காய்ந்த தண்டோடு ஒரு செடி நின்றது. பீற்றூட் முதல் வருடம் கிழங்கு வைக்கும், இரண்டாம் வருடம்தான் பூக்கும். அவசரப்பட்டு முதல் வருடமே பூத்துவிடும் செடியில் சீனி இராது, விதை விழுந்தால் அடுத்த பயிருக்கும் தொல்லை, அதனால் கோடையில் வயல் முழுக்க நடந்து கையால் பிடுங்குவோம், இது தப்பிவிட்டது என்றார் கியர்ஸ்டன். அதற்கு டேனிஷில் என்ன பெயர் என்று கேட்டோம். சொன்னார். 'தண்டோடு ஓடுபவள்' என்பதுபோல ஒரு சொல்.

"ஓடுகாலி எண்டு சொல்லுங்கோவன்!" என்றார் றீற்றா. அதை டேனிஷில் விளக்கப் போய், வீட்டைவிட்டு ஓடின பெண்ணைப் பற்றிய நீண்ட கதையாகிவிட்டது. கியர்ஸ்டன் அந்தத் தமிழ்ச் சொல்லை நாலு தடவை சொல்லிப் பார்த்தார். 'ழ' இல்லாத சொல் என்பதால் ஒருமாதிரி வந்தது.

கீரை ஆசையை றீற்றா விடவில்லை. வீட்டுத் தேவைக்கென்று மருந்து அடிக்காமல் விட்ட இரண்டு வரிசையில் இளம் இலை பறிக்க அனுமதி கிடைத்தது. றீற்றாவின் பையில் தேங்காய்ப்பூப் பைக்கற்றும் செத்தல் மிளகாயும் இல்லாத நாள் கிடையாது. கியர்ஸ்டனின் அடுப்பில் எல்லாம் சேர்த்து வதக்கியதும் கீரை வறை ஆனது. அவர் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண் சிவந்து பால் கேட்டார்.

"கொஞ்சம்தான் போட்டனான்," என்றார் றீற்றா என்னிடம் தமிழில். "பெரிசா உறைக்காது."

கியர்ஸ்டன் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். மாடு வைத்திருந்த காலத்தில் இலையெல்லாம் மாட்டுக்குத்தான் போகும், மனிதர் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு, என் முகம் இன்னும் தெளியவில்லை என்று கண்டாரோ என்னவோ, ஒரு கதை சொன்னார். அதை அவருடைய மொழியிலிருந்து என் வீட்டு மொழிக்கு மாற்றித் தருகிறேன்.

"அந்த விளம்பரம் என்ரை மனுசன் எழுதினது. ஒரே எழுத்திலை ரெண்டு கருத்தும் வருதெண்டு அவருக்குப் பெரிய சந்தோசம். போன கிழமை கோபன்ஹேகனிலையிருந்து ஒரு சோடி அமைதியெண்டு நம்பி வந்தவை. சுத்த டேனிஷ் ஆக்கள். மனுசி பள்ளிக்கூடத்திலை டேனிஷ் படிப்பிக்கிறவவாம். காலமை நாலரைக்கு மெசின் தொடங்கினது. ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிட்டினம். நீங்கள் பரவாயில்லை, இருந்து கீரையும் சமைக்கிறியள்."

நானும் அப்போதுதான் சிரித்தேன்.

மதியத்துக்குப் பின் றோட்பி பக்கம், முப்பது கிலோமீற்றர் போனோம். நூறு வருடத்துக்கும் முன்னால் கிழங்கு வயலில் களை பிடுங்கவும் நாற்றைக் கலைக்கவும் போலந்திலிருந்து இளம் பெண்களைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஒரு விதையிலிருந்து நாலைந்து முளை வரும். ஒன்றை விட்டு மற்றதைக் குனிந்து கையால் எடுக்க வேண்டும். அவர்கள் தங்கிய கட்டிடம் இப்போது அருங்காட்சியகம். ஒடுக்கமான கட்டில்கள், ஒரு பொது அடுப்பு. கூலியில் ஒரு பகுதி உருளைக்கிழங்கும் ஆடை எடுத்த பாலும்.

"எங்கடை அகதி முகாமைவிட அடுப்பு நல்லாயிருக்கு," என்றார் றீற்றா. 

பண்ணைக்காரருக்கும் இந்தப் பெண்களுக்கும் நடுவே இரண்டு மொழியும் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் இருந்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் அவர் மட்டும் தொப்பியோடு, கை சுத்தமாக நிற்கிறார். நான் அந்தப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். எனக்குப் பிடிக்காதது டேனிஷ் மட்டும் இல்லை என்று அங்கேதான் விளங்கியது. காலையில் ஒருவரின் காலுக்குக் காலுறை போட்டுவிட்டு, அவர் இன்று நல்லாயிருக்கிறாரா இல்லையா என்று கையாலேயே அறிகிற வேலையை விட்டு, கதவு சாத்திய அறைக்குள் தலைவியாகப் போய் உட்காருவதும்தான். அதைத்தான் நான் மொழியின் தலையில் போட்டிருக்கிறேன்.

மாலை நாலரைக்குப் பண்ணை முற்றத்தில் அயலவர்கள் பிள்ளைகளோடு கூடினார்கள். பெரிய தீவனக் கிழங்கை உள்ளே குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, மெழுகுதிரி வைப்பது இங்கே பழைய வழக்கம். பூசணி வந்தது பிறகுதான். அக்டோபரில் வரும் இந்தப் பள்ளி விடுமுறைக் கிழமைக்கே முன்பு உருளைக்கிழங்கு விடுமுறை என்று பெயராம். பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கவென்று விட்டது. பூசணியைவிடக் கிழங்கு இறுக்கம். ஒரு மணி நேரம் குடைந்தும் என் விளக்கு பல்வலிக்காரர் போலத்தான் வந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆலையின் பாரவண்டி வந்தது. வயல் விளிம்பில் நீளமாகக் குவித்திருந்த கிழங்கை அள்ளி, உதறி, வண்டியில் கொட்டுகிற இயந்திரத்தை ஓட்டியது கியர்ஸ்டன். பண்ணையின் கணக்கு, கடிதம் எல்லாம் பார்ப்பவரும் அவர்தான். பக்கத்து இருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டார். ஏன் ஆள் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"ஆள் இருக்கு. ஆனா கிழமையிலை ரெண்டு காலமை நான்தான். ஆலையிலையிருந்து கடதாசி வரும்: மண் இவ்வளவு வீதம், சீனி இவ்வளவு வீதம். இதுக்குள்ளை ஏறி இருந்தால்தான் அந்த இலக்கம் ஏன் கூடினது எண்டு எனக்கு விளங்கும். இல்லாட்டி மனுசனைத்தான் கேக்க வேணும். அவர் விளங்கப்படுத்தத் தொடங்கினால் மதியமாயிடும்."

சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடியை இழுத்தார். கிழங்குகள் தடதடவென்று உருண்டு போயின.

பதினொரு மணிக்கு விடைபெற்றோம். நாக்ஸ்கோவ் ஊடாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். ஆலைப் புகையில் அவித்த கிழங்கும் எரிந்த சீனியும் கலந்த மணம். எல்லோருக்கும் பிடிக்காது. ஒன்றேகால் படகு, நாலரைக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில: அக்டோபர், நவம்பர் நல்ல காலம். காலடி நனையாத சப்பாத்து கட்டாயம். பாரவண்டிகளை முந்தப் பார்க்காதீர்கள், வீதி வழுக்கும். கேட்காமல் எந்த வயலிலும் இலை பறிக்க வேண்டாம், மருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். அருங்காட்சியகம் கோடை தாண்டினால் சில நாட்கள்தான் திறக்கும், முன்கூட்டியே பாருங்கள். தூக்கம் முக்கியமென்றால் வேறு மாதத்தில் போங்கள்.

இதை ஞாயிறு மாலை எழுதுகிறேன். நாளை பின்னேரம்தான் வலையேற்றுவேன். நாளை காலை ஓம் என்று பதில் எழுதப் போகிறேன். அதோடு ஒரு நிபந்தனை: கிழமையில் இரண்டு காலை நான் பழையபடி பிரிவுக்குள், ஆட்களோடு வேலை செய்வேன். அது முடியாதென்றால் எனக்கு அந்த இடமும் வேண்டாம். றீற்றாவுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் கணவர் என்ன முடிவு என்று கேட்டபோது, கீரை வறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகனிடமும் கடிதத்தைக் காட்டப் போவதில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.