கம்பவுண்டர் மகள் மயங்கி விழுந்த காலை

எனக்குப் பதினைந்து வயது நடந்தபோது, ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பா கம்பவுண்டராக இருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு நீள பெஞ்சு, சுவரில் குடலும் ஈரலும் வரைந்த ஒரு படம், அவ்வளவுதான். டாக்டர் ஒரு பர்மாக்கார அம்மாள். எல்லோரும் ‘ஸயாமா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஆள் குட்டை, குரல் பெரிது. நோயாளி இல்லாத நேரத்தில் பின்வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். புகை நெஞ்சுக்கு ஆகாது என்று அவர் நோயாளிகளுக்குச் சொல்லும் புத்திமதியும் சுருட்டு வாசனையோடுதான் வரும்.

ஊசி போடுவது முழுக்க அப்பாவின் வேலை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டு எத்தனையோ பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்பார். இதை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

“மத்தவன் குத்துவான். நான் வைப்பேன், பூ வைக்கிற மாதிரி” என்பார்.

மழை பிடிப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் எல்லோரும் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தை அப்போதுதான் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பெயரை அழித்துவிட்டு ஒரு நம்பரைக் கொடுத்திருந்தது. ஊசி போட்ட கார்டு இல்லாமல் வகுப்புக்குள் வரக் கூடாது என்று புதுத் தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு வியாழக்கிழமை காலை அப்பாவோடு நானும் போனேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வகுப்புப் பர்மாக்காரப் பெண்கள் தமெயின் என்கிற பர்மா லுங்கியை உடுத்தினால், இடுப்பில் அது சுற்றி நிற்கிற அழகே தனி. நான் அதே தமெயினை உடுத்தினால் தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்கும். ஆகவே நான்கு நாட்களாக அம்மா வைத்த காலைப் பலகாரத்தை ஜன்னல் வழியாகக் காக்கைகளுக்குப் போட்டுவந்தேன். நான்கு நாளில் என் இடுப்பு அப்படியேதான் இருந்தது. காக்கைகள்தான் பெருத்தன.

நாங்கள் போனபோது பெஞ்சு நிறைந்து, வரிசை வாசல்வரை நின்றது. இருபது பேருக்குக் குறையாது. பக்கத்து லத்தாப் பேட்டையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பருத்த சீனக்காரரும் வந்திருந்தார். முன்னால் இடம் விடும்போதெல்லாம் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டு, மெல்ல வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். வரிசையில் பயம் பரவியிருப்பதை அப்பா பார்த்தார்.

“முதல்ல என் மகளுக்கே போடுறேன். எல்லாரும் பாருங்க” என்று பர்மிய மொழியில் அறிவித்தார்.

கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடிச் சிரிஞ்சை எடுத்தார். மருந்தை ஏற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து ஒரு சொட்டு தெறிக்கவிட்டார். அந்த ஒரு சொட்டுக்கு அத்தனை அலங்காரம் தேவையே இல்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் கையைத் துடைத்து, ஊசியைப் போட்டார். நேர்மையாகச் சொல்கிறேன், வலிக்கவே இல்லை. அப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா?” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரிலிருந்த ஈரலைப் பார்த்தேன். அது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. காதுக்குள் தகரக் கூரைமேல் மழை பெய்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விழும்போது ஊசித் தட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தேனாம். கண்ணாடியெல்லாம் சிதறியதாம். பெஞ்சிலிருந்த யாரோ “தேபீ! தேபீ!” என்று கத்தினார்களாம். செத்துப்போச்சு என்று அர்த்தம். அந்தச் சேதி பக்கத்துத் தேநீர்க்கடைக்குப் போய், அங்கிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவரை நான் கண்ணே திறக்கவில்லை.

கண் திறந்தபோது, அப்பா நோயாளிகள் பதிவேட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஸயாமா என் கால்களைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். வாயில் சுருட்டு.

“காலையில சாப்பிட்டாளா?” என்று கேட்டார்.

“சாப்பிட்டாளே, நாலு தோசை” என்றார் அப்பா.

“உங்களைக் கேக்கல. நீ சொல்லு.”

நான் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். “இடுப்புக்கு” என்றேன். ஸயாமா சிரிக்க ஆரம்பித்து, புகை புரையேறி, இருமி ஓய்ந்து, தேநீர்க்கடையிலிருந்து கெட்டிப்பால் ஊற்றி இனிப்புத் தூக்கலாக ஒரு தேநீர் வரவழைத்தார்.

அதை நான் பாதி குடித்திருப்பேன். தெருவில் ஒப்பாரி கேட்டது.

“என்னப் பெத்த ராசாத்தி! ஒன்னப் பொன்னும் பூவுமா அனுப்பி வைக்கணும்னு இருந்தேனே! இப்பிடிப் பாதியிலயே...”

அம்மா உள்ளே வந்துவிட்டாள். கையில் தோசைக் கரண்டி. நான் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஒப்பாரி அந்த வரியிலேயே நின்றது. ஒரு கணம் பார்த்தாள். பிறகு என் கையில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். ஊசி போட்ட இடத்திலேயே விழுந்தது. அன்று காலை எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

“என்ன மருந்தப் போட்டீங்க எம்புள்ளைக்கு?” என்று அப்பாவிடம் திரும்பினாள்.

“மருந்துல ஒண்ணுமில்ல. இவ சாப்பிடாம வந்திருக்கா. ஒம்மகளக் கேளு.”

இதற்குள் வரிசை கரைந்திருந்தது. எதிர்ச்சாரியில் இன்னொரு டாக்டர் இருந்தார். பாதிப்பேர் அங்கே போய் நின்றார்கள், மீதிப்பேர் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தது ஒரு கிழவர், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். சீனக்காரர் மட்டும், ஓடவும் மனமில்லாமல் உள்ளே வரவும் துணிவில்லாமல் வாசற்படியில் நின்றார்.

ஸயாமா வாசலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “கம்பவுண்டர், நீங்க போட்டுக்கிட்டுக் காட்டுங்க. அப்பதான் ஜனம் நம்பும்.”

“நான் போன வாரமே போட்டுக்கிட்டேன், ஸயாமா.”

“யார் போட்டது? நான் போடலையே.”

“நானேதான்.”

“எந்தக் கையில?”

“வலது கையில” என்றார் அப்பா, யோசிக்காமல்.

“நீங்க வலது கையாலதானே ஊசி போடுவீங்க?”

ஸயாமா அலமாரியைத் திறந்து அப்பாவின் கார்டை எடுத்தார். வருஷா வருஷம் போட்டதாக எழுதி, கீழே அப்பாவே அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து வருஷமாக ஊரெல்லாம் ஊசி போட்ட மனிதர் தனக்கு ஒன்றுகூடப் போட்டுக்கொண்டதில்லை. அம்மா கரண்டியோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். இதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். ஸயாமா ஊசியைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. உடையாமல் மிச்சமிருந்த ஒரு சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்து, குறிபார்த்து, மூச்சை இழுத்துப்பிடித்து, ஆணி அடிக்கிற மாதிரி இறக்கினார்.

“ஐயோ, யேசுவே!” என்று அப்பா போட்ட கூச்சலில் பெஞ்சுக் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தெருவே சிரித்தது. சீனக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நேரே உள்ளே வந்து, தன் சட்டையைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தார்.

“எனக்கு ஊசிக்குப் பயமில்ல. இத்தனை பேர் முன்னால கத்திடுவேனோன்னுதான் பயம். கம்பவுண்டரே கத்துறப்போ எனக்கென்ன வெக்கம்?” என்றார்.

சொன்னபடியே கத்தினார். அப்பா பூப்போலத்தான் போட்டார், ஆனாலும் அவர் மனசாரக் கத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வஞ்சனையில்லாமல் கத்தினார்கள். எதிர்ச்சாரிக்குப் போனவர்களில்கூடச் சிலர், அந்த டாக்டரிடம் சத்தம் போட்டால் அதட்டுகிறார் என்று சொல்லித் திரும்பி வந்தார்கள். நடுப்பகல்வரை அந்த ஆஸ்பத்திரியில் பன்றி வளர்க்கிற இடம் மாதிரிச் சத்தம்.

சாயங்காலம் எனக்கும் அப்பாவுக்கும் காய்ச்சல். இருவருக்கும் கை வீங்கிவிட்டது. எனக்கு இடது கை, அவருக்கு வலது. அம்மா எனக்கு முன்னால் சோற்றைக் குவித்து, கடைசிப் பருக்கைவரை எதிரே உட்கார்ந்து காவல் காத்தாள். அப்பா இடது கையால் கரண்டியைப் பிடித்து ரசத்தை மீசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, “ஆமா, நீ இந்த வருஷம் ஊசி போட்டுக்கிட்டியா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“எனக்குத்தான் கார்டு இருக்கே” என்றாள் அம்மா. “நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?”

அடுத்த வியாழக்கிழமை அவளை அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.