மரியதாஸ் அண்ணை வீட்டுக்கு நான் பிந்திப் போன கதை

செய்தி வந்தபோது நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பத்திரிகையில் வாராவாரம் ஊரைப் பகிடி பண்ணி எழுதுகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரி, வெள்ளவத்தையில் தன் சொந்த வீட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது பார்க்கவேண்டிய காட்சிதான். வருடப்பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை அது. அன்று காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டால் தட்டுகிறவர் மூன்றாம் மாடி மரியதாஸ் அண்ணைதான். ஒரு கையில் வாளி, மறு கையில் கூட்டுகிற தும்புத்தடி, மடித்துக் கட்டிய சாரம். பதினொரு வருடமாக அப்படித்தான். முந்திய ஞாயிறு படிக்கட்டில் கண்டபோதே எச்சரித்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வாறேன் தங்கச்சி. இந்த முறை ஒளிக்க வேணாம். நீங்க உள்ள நிக்கிறது எனக்கு நல்லாத் தெரியும். செருப்பு வாசல்லதானே கிடக்கு."

ஆகவே இந்த முறை செருப்பையும் உள்ளே எடுத்து வைத்திருந்தேன்.

மூன்று தரம் தட்டும் சத்தம். பிறகு காவலாளி சுனிலின் குரல். "மிஸ்... மிஸ் இருக்கா? மேல மாத்தயா இல்ல மிஸ். போயிட்டார்." விடியற்காலையில் மரியதாஸ் அண்ணைக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. தானே படியிறங்கி வந்து, சுனிலைக் கொண்டு முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "ஒருத்தரையும் எழுப்ப வேணாம்" என்றாராம். ஆறரைக்கெல்லாம் அங்கிருந்து மரணத் தகவல் வந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது செருப்பு இரண்டும் இன்னும் என் கையில்தான் இருந்தன.

அவரை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. கொட்டாஞ்சேனையில் கோயில் மணி கேட்கிற ஒழுங்கையில் பிறந்தவர். கலியாணம் கட்டவில்லை. இருபத்தைந்து வருடம் கப்பல்களில் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கிய பிறகு கரைக்கு வந்து, எங்கள் மாடி வீடுகளில் மூன்றாம் தட்டில் குடியேறினார். கப்பலைத்தான் விட்டாரே தவிர துப்புரவாக்குவதை விடவில்லை. பெரிய வெள்ளிக்கும் வருடப்பிறப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் எங்கள் ஐந்து வீடுகளும் அவருடைய ஆட்சிக்குள் வந்துவிடும். நாங்கள் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

முதல் முறை பழைய பேப்பர் கேட்டுத்தான் வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர் பேப்பரை மறந்துபோனார். "தங்கச்சி, இன்னைக்கா குடி வந்தீங்க?" என்று கேட்டார். நான் அங்கே ஆறு வருடமாக இருக்கிறேன் என்றேன். சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு, "சரி, ஒரு வாளி தாங்க" என்றார். என்னிடம் வாளி இருந்தது. அதற்குள் புத்தகங்கள் இருந்தன.

அன்று கற்றுக்கொண்டது இன்றைக்கும் வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது. முதலில் மின்விசிறி. பழைய தலையணை உறையை ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டி, அழுத்திப் பிடித்து, மெல்ல இழுத்தால் வருடத்துத் தூசி முழுக்க உறைக்குள் விழும். உங்கள் தலையில் விழாது. மெத்தையைத் தூக்கி மொட்டை மாடி வெயிலில் போடவேண்டும். கதவுப் பிணைச்சலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். குளிர்சாதனப் பெட்டிக்குள் வாடை போக ஒரு சின்னக் கிண்ணத்தில் அப்பச்சோடா. குழாய்களில் படிந்த கறைக்குப் பாதித் தேசிக்காயின் புளிப்பு. யன்னல் கம்பியை மட்டும் எடுத்த எடுப்பில் துடைக்கவே கூடாது. "இது கடல் உப்பு தங்கச்சி. காய்ஞ்ச துணியால துடைச்சா கீறும். முதல்ல நல்ல தண்ணி ஊத்துங்க. அது கரைய கொஞ்சம் டைம் குடுங்க. மனுசருக்கும் அப்படித்தான்."

கண்ணாடிக்கு வினாகிரியும் பழைய பேப்பரும். அதிலும் எந்தப் பக்கம் என்பதில் அவருக்குக் கண்டிப்பு இருந்தது. என் பத்தி வரும் பக்கத்தைத் தேடி எடுத்துக் கசக்குவார். "அரசியல் பக்கம் மை விடும். உங்கட பக்கம்தான் கண்ணாடிக்கு நல்லம்." என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அதுதான்.

முதலாம் மாடி சந்திரா மிஸ்ஸை, என் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடி வீடுகளை அவதானிப்பதிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். "என்ன, மனுசன் உம்மட வீட்டில மூண்டு மணித்தியாலம் நிக்குது. என்ர வீட்டில ஒண்டரைதான்" என்று என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"ஓம் மிஸ், எங்களுக்குள்ள ஒரு தும்புத்தடி இருக்கு" என்றேன்.

"பகிடி விடாதேயும்! சனம் கதைக்குது."

"எந்தச் சனம்?"

"நான்தான்."

மரியதாஸ் அண்ணையின் வீட்டை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றிக் கதைப்பதற்கு எங்களுக்கு நிறைய இருந்தது. தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாமாம் என்றார் சந்திரா மிஸ். நான் ஒருபடி மேலே போய், அந்த வீட்டுக் கரப்பான் பூச்சி கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருமாம் என்று பத்தியிலேயே எழுதினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, அதே பக்கத்தால் என் யன்னலைத் துடைத்தார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். ஊர்வாயை வைத்துப் பிழைக்கிற எனக்கு ஒரு விஷயத்தை மூன்று வாரம் வாயில் அடக்கி வைப்பது சாதனைதான்.

போன வருடம் என் வீட்டு வேலை முடிவதற்குள் அவருக்கு அடிக்கடி மூச்சு வாங்கியது. இடையிடையே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சாரத்து மடிப்பிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்து வாய்க்குள் அடித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்றார்.

"தங்கச்சி, நேரம் இருந்தா ஒருக்கா மேல வாங்களேன். ஒரு பிளேன்டீ குடிப்போம்."

பதினொரு வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். எனக்குப் பத்தி எழுதி அனுப்பவேண்டிய அவசரம். அவசரத்தில் எனக்கு வருவது பகிடி மட்டும்தான்.

"ஐயோ அண்ணை, என்ர கால் பட்டால் உங்கட வீடு ஊத்தையாப் போயிடும். நாளைக்கு வாறன், கால் கழுவிப்போட்டு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமலோடு படியேறிப் போனார். நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அந்த நாளை என்ற நாள் ஒரு வருடமாக வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய தங்கை ரீட்டா அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஏழாம் நாள் செபத்தை அண்ணனின் வீட்டிலேயே வைக்கலாம் என்றார். "சுனில்ட சாவி இருக்கு. நீங்க அதுக்கு முதல் நாள் ஒருக்கா திறந்து யன்னலை மட்டும் திறந்து விடுங்க. கூட்டித் துடைக்கத் தேவையில்ல. அண்ணன்ட வீடுதானே."

சாவியை வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தேன். உண்மையாகவே கால் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கதவு பிணைச்சலில் அலறியது. உள்ளே போய் யன்னலைத் திறந்து திரும்பிப் பார்த்தபோதுதான் தரை தெரிந்தது. வாசலிலிருந்து யன்னல் வரைக்கும் என் காலடிகள் வரிசையாகக் கிடந்தன. அவ்வளவு தூசி. என் கால் பட்ட இடங்கள் மட்டும்தான் அந்த வீட்டில் துப்புரவாக இருந்தன.

மின்விசிறி இறக்கைகளில் கம்பளி போலத் தூசி. யன்னல் கம்பிகளில் உப்புப் பொருக்கு. குசினி மேசையில் அந்தப் பம்பின் வெற்றுப் பெட்டிகள் ஏழெட்டு. ஒன்றின் மீது வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு இருந்தது. தூசிக்குக் கிட்டவும் போகக்கூடாது என்று சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருந்தது. அவரிடம் இருந்த மூச்சு ஐந்து வீட்டுக்குத்தான் போதுமாக இருந்திருக்கிறது. ஆறாவது வீடு அவருடையது.

ஒரேயொரு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. யன்னலோரத்தில் ஒரு பிரம்புக் கதிரை, வெள்ளைத் துணி விரித்தபடி. பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் வலை மூடிக்குக் கீழே கவிழ்த்து வைத்த இரண்டு புதுக் கோப்பைகள், அடியில் கடை ஒட்டுத்துண்டும் உரிக்காமல். அந்த முக்காலியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதை அவர் வருடத்துக்கு ஒரு முறை துடைக்கவில்லை. நாளாந்தம் துடைத்திருக்கிறார்.

அந்தக் கதிரையில் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அங்கேயிருந்து எழும்பினபோது என் சட்டையும் கொஞ்சம் தரையைத் துடைத்திருந்தது. சரி, வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாலை செபத்துக்கு, எங்கள் மாடி வீட்டுக்காரர்களும் தெருக்காரர்களுமாக நீங்கள் எல்லோரும் வருவீர்கள். வெள்ளவத்தையிலேயே துப்புரவான மனிதனின் வீட்டை முதல் தரம் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு என்ன கதைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறொருவருடைய வீடாக இருந்தால் கதையைத் தொடக்கிவைப்பவளே நான்தான். கதவைப் பூட்டினேன். தலையணை உறையை இறக்கையில் மாட்டினேன். கம்பிக்கு முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி, கரைய நேரம் கொடுத்தேன். மெத்தையை மொட்டை மாடிக்குத் தனியாக இழுத்துப் போனேன். பாதிப் படியில் நானும் மெத்தையும் சேர்ந்து ஒருமுறை கீழே வந்தோம். கண்ணாடிக்கு என் பக்கத்தைக் கசக்கினேன். மை விடவில்லை. மனுசன் சொன்னது உண்மை.

ஏழாம் நாள் செபம் முடிந்ததும் உங்களில் பலர் சுவரைத் தடவிப் பார்த்தீர்கள். ரீட்டா அக்கா, "பாருங்க, ஒரு கிழமை பூட்டிக் கிடந்த வீடு. அண்ணன் வச்சிட்டுப் போன மாதிரியே இருக்கு" என்று அழுதார். சந்திரா மிஸ் மட்டும் யன்னலோரக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என் காதுக்குள், "இவ்வளவு வடிவா வச்சிருந்த மனுசன்ர வீட்டில நாங்கள் ஒரு நாளும் வந்து இருக்கேல்லையே. ஏன் வரேல்லை?" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் துப்புரவு அவருடையது அல்ல, என்னுடையது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். ஒரு மனிதரின் மானத்தைக் காத்துவிட்டு இப்போது நானே போட்டு உடைக்கிறேன் என்று சிலர் கோபிக்கலாம். துப்புரவான மனிதர் என்ற பெயரோடு அவரை வழியனுப்பிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்துவிடுவோமோ என்று எனக்குப் பயம். எங்கள் வீடுகளின் தூசிதான் அவருடைய நெஞ்சுக்குள் போனது. வாளியோடு வந்தவருக்கு நாங்கள் நன்றி சொன்னோம். மேலே ஏறிப் போகவில்லை.

செபத்தன்று நீங்கள் வருவதற்கு முன்னர் தண்ணீர் கொதிக்கவைத்து, இரண்டு கோப்பையிலும் பிளேன்டீ ஊற்றினேன். கடைசியில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். "அண்ணை, வந்திட்டன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். என்னுடையதைக் குடித்து முடித்தேன். மற்றது ஆறிப்போனது.

ஒரு கோப்பையை ரீட்டா அக்கா வைத்துக்கொண்டார். மற்றது என்னிடம். இப்போதும் கதவு தட்டினால் பழக்கத்தில் மூச்சை அடக்குகிறேன்; பிறகு ஓடிப்போய்த் திறக்கிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கோப்பையில்தான் தேநீர். அதன் அடியில் கடை ஒட்டுத்துண்டு இன்னும் இருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவி ஒரு பகல் விட்டால் சுவடில்லாமல் போய்விடும். சொல்லித் தந்தவர் அவர்தான். அதை மட்டும் நான் துப்புரவாக்கப்போவதில்லை.