சாக்கு என்றால் போதும்

எனக்குக் கன்னடம் வராது என்று நாலு பேர் முன்னால் சொன்ன என் முதலாளியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம் அவருக்கு ஐஸ்க்ரீம் கடை. திரவ நைட்ரஜனை ஊற்றி, புகை பொங்க, கண்ணெதிரே உறையவைத்துத் தருவோம். ஒருவர் பால் கலவையை விடாமல் கிளற, இன்னொருவர் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கிளறுகிறவர் கன்னடத்தில் "ஹாக்கு" என்றால் ஊற்று. "சாக்கு" என்றால் போதும். கடையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

அங்கே இலந்தை வடை ஐஸ்க்ரீம் நான் கண்டுபிடித்தது. புளிப்பும் காரமும் வெல்லமும் சரியாகச் சேர்வதற்குள் நாக்கு புண்ணாகிவிட்டது. அது நன்றாக ஓடத் தொடங்கியதும், தன் கண்டுபிடிப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார் மனிதர். நான் சும்மா இருப்பேனா? என்னுடையதை நானே முன்னால் நின்று சொல்லித் தருகிறேனே என்று, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"ஆம்பூர்லேருந்து வந்தவ நீ. கன்னடமே வராது. கஸ்டமர்கிட்ட என்னத்த சொல்லுவ? பின்னாடி நின்னு ஊத்து" என்றார்.

கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியிருக்கும் நீலசந்திராவில் தண்ணீர்ச் சண்டையைக்கூடக் கன்னடத்தில் போடுகிறவள் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் எனக்கு நல்ல சாக்கு ஒன்றைக் கொடுத்திருந்தார், அதை வீணாக்க மனமில்லை.

புதுக் கிளையில் கூட்டுச் சேர நினைத்த மூன்று பேர் ஒருநாள் வந்தார்கள். மூவரும் கன்னடக்காரர்கள். முதலாளி புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, என் இலந்தை வடையைத் தன் கைப்பக்குவம் என்று கதை அளந்தபடி கிளறினார். நான் பின்னால் நின்று ஊற்றினேன்.

"ஹாக்கு" என்றார். ஊற்றினேன்.

"சாக்கு" என்றார். ஊற்றினேன்.

"சாக்கு, சாக்கு" என்று பல்லைக் கடித்தார். ஜாடி காலியாகும்வரை ஊற்றினேன். புகை அடங்கியபோது கலவை பாறையாகியிருந்தது. அவர் கரண்டியை இழுத்தார். கிண்ணமும் சேர்ந்து வந்தது. வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

"சாக்குன்னேனே, காதுல விழல?"

"விழுந்திச்சிண்ணா. ஊத்த சொல்றீங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் கன்னடம் வராதே."

பிறகு வேறொரு கிண்ணமும் இன்னொரு ஜாடியும் எடுத்து, அளவாக ஊற்றி, நானே கிளறி அவர்களுக்குக் கொடுத்தேன். அது யார் கண்டுபிடித்தது என்பதை, முதலாளி முகத்தைப் பார்த்தபடியே, சுத்தமான கன்னடத்தில் சொன்னேன்.