நர்சம்மா வெட்டிய அட்டை

போன செவ்வாய்க்கிழமை காலை கடத்தூரிலிருந்து போன் வந்தது. "நர்சம்மா போயிட்டாங்க சார்." எந்த நர்சம்மா என்று நான் கேட்கவில்லை. லூர்துமேரியை அறிந்திருந்தால் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எண்பதுகளின் நடுவில் அவர் மகள் ஜெசிந்தாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே கைகால்கள் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. ஆனால் எல்லாம் புரியும். பெங்களூரில் வேலை பார்த்த தாய்மாமன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பொத்தான்கள் வைத்த தட்டைப் பெட்டி, அவ்வளவே, டி.வி.யில் இணைத்தால் எழுத்து தெரியும். தெருவே திரண்டது. பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்தார். "சாமி, கரண்டு ஓடுதுங்க. தள்ளி நின்னு தெளிங்க" என்றார் லூர்துமேரி.

குழந்தையின் விரல் ஒரு பொத்தானைத் தேடிப் போய் நான்கைச் சேர்த்து அமுக்கியது. மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். லூர்துமேரி மருந்துப் பெட்டியின் அட்டையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராக ஓர் ஓட்டை வெட்டி மேலே பொருத்தினார். அட்டையில் கையை ஊன்றி ஓட்டைக்குள் விரலை விட்டால் ஒன்றுதான் அமுங்கும். ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார். "டி.வி. இனி எம் புள்ளைக்குச் சிலேட்டுங்க. வேற வூட்டுல பாருங்க."

எழுத முடியாத பிள்ளை என்று ஜெசிந்தாவைச் சேர்க்க மறுத்திருந்த பள்ளிக்கு, மறுவருடம் மகளோடு டி.வி., கம்ப்யூட்டர் அத்தனையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போது அங்கே பத்திரிகை நிருபராக இருந்த நானும் உடன் போனேன். தலைமையாசிரியர் பதினேழையும் எட்டையும் கூட்டச் சொன்னார். திரையில் இருபத்தைந்து வந்தது.

"இது மெஷின் போட்ட கணக்குங்க."

"நீங்க கண்ணாடி போட்டுத்தானே சார் படிக்கிறீங்க? படிக்கிறது கண்ணாடியா? மெஷினுக்குத் தெரியாததைக் கேளுங்க" என்றார் லூர்துமேரி.

"காலையில என்ன சாப்பிட்டே?"

ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழில் 'களி' என்று எழுதினாள் ஜெசிந்தா. விரல் மறுபடி ஓட்டையைத் தேடியது. தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். லூர்துமேரி விடவில்லை.

"உக்காருங்க சார். கேட்டவங்க, பதில் முடியற வரைக்கும் இருக்கணும்."

'நீங்க?' என்று திரையில் வந்தது.

சன்னலோரம் நின்ற டீச்சர்கள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "விதியில இடமில்லைங்க" என்றார். எந்த விதி என்று கேட்டேன். அன்றும் காட்டவில்லை, அதற்குப் பிறகும் எவரும் காட்டவில்லை. ஜெசிந்தா ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்காரவில்லை. கற்றதெல்லாம், டூட்டி முடிந்து வந்த தாயிடம்.

நேற்று இரங்கல் கூட்டம். அதே பள்ளியின் சார்பில் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "அம்மையார் பொறுமையின் வடிவம். அவர் மகளுக்கு எங்கள் பள்ளி என்றும் துணை நின்றது." கூசாமல் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த மகளை ஒரு வார்த்தை சொல்லும்படி ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜெசிந்தாவிடம் நான் கேட்டேன். "அம்மாவைப் பத்தி என்னம்மா எழுதட்டும்?" மடியிலிருந்த கம்ப்யூட்டரில் அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

'பொறுமைசாலின்னு மட்டும் எழுதிடாதீங்க. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் கோவம் ஆறலை.'

அப்படி எழுதவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு பங்கை நான் வைத்துக்கொள்கிறேன்.