எடின்னா வாரேன்னு நெனச்சேன்

அஞ்சாப்பையே ரெண்டு தடவ படிச்சவன் நான். நான் போயி லக்ஸம்பர்க்கு பாஷையில இருந்து டென்மார்க்கு பாஷைக்கு மாத்திச் சொன்னேன்னா எவன் நம்புவான்? என் பொண்டாட்டியே, "மொதல்ல பஸ் போர்டைப் படிங்க"ங்குறா.

நாகமலை புதுக்கோட்டையில ஒரு வாடகை வீடு. அங்க ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு எண்ணெய் தேச்சுவிடுற வேலை எனக்கு. அவரு லக்ஸம்பர்க்கு, சம்சாரம் டென்மார்க்கு. முப்பது வருசமா இங்கிலீசுலயே குடும்பம் நடத்துனவுக. அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தப்ப இங்கிலீசும் சேந்து விழுந்துருச்சு. தாய்ப்பாஷை மட்டுந்தான் மிச்சம். அதுல அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வைத்தியம் பாக்க இங்க வந்திருந்தாக.

நாள் முழுக்க அவரு பக்கத்துல கெடந்ததுல எனக்குக் கொஞ்சம் புடிபட்டுச்சு. 'வாஸர்'னா தண்ணி. 'மித்'னா அசதி. அந்தம்மாட்ட சாடை காட்டிக் கேட்டு அவுக பாஷையும் பொறுக்குனேன். அதுல தண்ணிக்கு 'வேன்'. மொத நாளு எந்த வேன் வருதுன்னு வாசல்ல போயி நின்னேன். அடுப்படியில இருந்து 'யாய் கொம்மா'ன்னு கத்துவாக. எங்காத்தாள ஏன் இழுக்குறாகன்னு மொறச்சேன். 'இந்தா வாரேன்'னு அர்த்தமாம்.

பெரியவரு கொரல்லயே பேசிக் காட்டுவேன், வாயக் கோணிக்கிட்டு. ரெண்டு பேரும் சிரிப்பாக.

சாயங்காலம் கெளம்பையில, "வாரேன்யா"ம்பேன். "எடி"ம்பாரு. "நான் என்ன பொம்பளையாய்யா?"ன்னு கேட்டிருக்கேன். பெறகு அதான் அவுக ஊரு வாரேன் போலன்னு நானா முடிவு கட்டிக்கிட்டேன். நம்மூர்ல எவன் 'போறேன்'னுட்டுக் கெளம்புறான்?

ஒருநா காலையில அந்தம்மா மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிட்டாக. அவரு என் சட்டையப் புடிச்சு, செல்போனக் காட்டி, "எடி, எடி"ன்னாரு. கண்ணுல தண்ணி. அந்தம்மாவுக்குப் போனைப் போட்டு அவரு வாய்கிட்ட வச்சேன். கொரல் வரல. நான் எதுக்கு இருக்கேன்னு, அவரு கொரல்லயே அடிச்சுவிட்டேன்: "யாய் கொம்மா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பெறகு அழுகை.

நாலு மாசமா வாசப்படி தாண்டாத மனுசன், அவுக பாஷையிலயே 'வாரேன்'னுட்டாருன்னு நெனச்சிருக்காக. மருந்துக்கடைக்கு எதுத்தாப்புல ரெண்டு எளநிய வெட்டி வாங்கிக் கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னுருக்காக. உடனே ஆட்டோ ஏறியிருந்தா இருவது நிமிசம். கையப் புடிச்சிருக்கலாம்.

நான் இங்க, ஏதோ அவுகட்ட போகணுமாக்கும்னு, அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன். ரெண்டாவது கைய நுழைக்கையில தல என் தோள்ல சாஞ்சிருச்சு.

அந்தம்மா ஊருக்குப் போன பெறகுதான் செல்போன் கடைக்காரன்ட்ட கேட்டேன். "மாப்ள, எடின்னா என்னன்னு பாரு."

தட்டிப் பாத்தான். "போறவன் சொல்லிக்கிறதுடா மாப்ள. டென்மார்க்குல இதுக்கு 'ஃபவெல்'னு சொல்லுவாகளாம்."

"வாரேன்னு அர்த்தம் இல்லையா?"

"ஆளே போறான், அப்புறம் எங்க வாரது?"

மாசம் ஒருக்கா அந்தம்மா போன் பண்ணுவாக. அந்த 'யாய் கொம்மா'வ அவரு கொரல்ல இன்னொருக்கா சொல்லச் சொல்லுவாக. சொல்லுறேன். செத்த மனுசன் கொரல், அவரு சொல்லாத வார்த்தை, என் வாயி. போனை வச்ச பெறகும் கோணல் நேராக மாட்டேங்குது. சோறு ஒரு பக்கமா ஒழுகுது. பொண்டாட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போவமா?"ன்னு பயந்துக்கிட்டு கேக்குறா.

அவரு சொல்ல வந்தது அதான்னு இந்தத் தடவை சொல்லிப்புடணும்னு 'ஃபவெல் ஃபவெல்'னு நாலு நாளா மனப்பாடம் பண்ணுனேன். போன வாரம் ஒரு போட்டோ வந்துச்சு. கடைக்காரன் பெருசாக்கிக் காட்டுனான். புல்லு, ஒரு கருப்புக்கல்லு, பெரியவரு பேரு. அதுக்கு அடியில ரெண்டே வார்த்தை.

"வாசி மாப்ள."

எழுத்துக் கூட்டுனான். "யெக்... கொம்மர்... என்னடா மாப்ள, எவனையோ வஞ்சு வச்சிருக்கு?" அந்தம்மா வாயில கேட்டா அது 'யாய் கொம்மா'.

அப்பப் பாத்து போன் அடிச்சுச்சு. அந்தம்மாதான். கல்லு நல்லாருக்கான்னு கேக்குறாகன்னு கொரல்லயே தெரிஞ்சுச்சு.

"யா"ன்னேன். அவுக பாஷையில ஆமாவுக்கு அதான்.