அம்மாவின் முடியில் பாஸான இங்கிலீஷ்

ஏழாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷைச் சத்தமாக வாசிக்க நன்றாகவே வரும். வாசித்தது என்ன என்று கேட்டால்தான் வராது. ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதிவிட்டு வருவேன். காலாண்டில் ஃபெயில். என் மூளை அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அம்மாவுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. விசைத்தறியில் சிக்கிவிடாமல் இருக்க, கொண்டை போட்டுத் துணியால் இறுக்கிக்கொண்டுதான் ஷெட்டுக்குள் போவாள். அரையாண்டுப் பரீட்சையன்று முருகன் கோயில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீ இங்கிலீஷ்ல பாஸ் பண்ணா என் முடிய குடுக்கறேன்னு வேண்டிக்கினு இருக்கேன். பயப்படாம எழுது."

எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. முருகனே பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகு எனக்கு என்ன அவசரம்? பத்தியை நிதானமாக முதலிலிருந்து படித்தேன். கிணற்றில் விழுந்த ஓர் ஆட்டை ஊரே சேர்ந்து மேலே தூக்குகிறது. ஆடு கத்துவதுகூட எனக்குக் கேட்டது. பாஸாகிவிட்டேன்.

சொன்னபடி அம்மா மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாள். சந்தனம் பூசிய தலையைப் பார்த்து நைனா, "இனிமே தறியில மாட்டுமோன்னு பயமில்ல" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழுப் பரீட்சைக்குள் அந்த முடி வளருமா என்பதே என் கவலை.

வளரவில்லை. பரீட்சையன்று காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இந்த தடவ இன்னா வேண்டிக்கினே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டிக்கல. போன தடவ எழுதுனவ நீதானே? போய் எழுது."

அம்மா என்னைக் கைகழுவிவிட்டாள் என்று பள்ளிக்கூடம் வரை அழுதுகொண்டே போனேன். துணைக்கு யாரும் இல்லாததால் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போன முறையைவிட நல்ல மதிப்பெண் வந்தது.

அப்போதும் நான் நம்பவில்லை. ரகசியமாக எதையோ வேண்டியிருக்கிறாள், அதைக் கொடுக்க எப்படியும் மலைக்குப் போவாள் என்று லீவு முழுக்க அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கும் போகவில்லை. கொண்டைக்கு எட்டாத முடியைத் துணியால் கட்டிக்கொண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டின் கதை புரிந்த எனக்கு இது மட்டும் அப்போது புரியவில்லை: அந்த முறை அவள் நம்பியது என்னை.